கெர்லாக் என்னும் தாங்குசுவர்

எங்கள் ஆல்ட்லாய் ஊரில் ஓர் உயிரைக் காப்பாற்ற மூன்று பேர் வேண்டும். காப்பாற்றுகிறவர் ஒருவர். அவருக்கு அனுமதி கொடுக்கிறவர் ஒருவர். அனுமதி கொடுத்தவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று சரிபார்க்கிறவர் ஒருவர். காப்பாற்றப்பட வேண்டியவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். அவர் காத்திருந்தால் போதும்.

நான் மோசல் ஆற்றுச் சரிவில் திராட்சைத் தோட்டத்துப் பல்சக்கர வண்டியை ஓட்டுகிறவன். இங்கே சரிவு எவ்வளவு செங்குத்து என்றால், கொத்திலிருந்து நழுவும் பழம் ஆற்றில்தான் போய் நிற்கும். அதனால் மேலே ஏற ஒற்றைத் தண்டவாளம் போட்டிருக்கிறோம். தண்டவாளத்தின் அடியில் பற்கள், வண்டிச் சக்கரத்தில் பற்கள். ஒரு பல் இன்னொன்றைக் கடித்தால் வண்டி நகர்ந்தே ஆக வேண்டும். எஞ்சின் நின்றாலும் கீழே சறுக்காது. இந்த மாதிரிச் சமாச்சாரங்களை விளக்கச் சொன்னால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

நகராட்சி அலுவலகமும் ஓர் எந்திரம்தான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அங்கேயும் எல்லாப் பற்களும் ஒன்றையொன்று கடிக்கின்றன. ஆனால் எதுவும் நகர்வதில்லை. அதுவும் ஒரு பொறியியல் சாதனைதான். அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கெர்லாக்கின் கதையை வைத்து விளக்குகிறேன்.

போன வருஷம் வசந்தத்தில், தேவாலயத்தின் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் பதிக்கிறவர்கள் நிலவறையின் கல்லைப் பெயர்த்தார்கள். உள்ளே முழுக் கவசத்தோடு படுத்திருந்த வீரர் கெர்லாக் ஃபான் டெர் லாய் எழுந்து உட்கார்ந்து, முகத்தட்டை மேலே தள்ளி, "முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். அவர் கேட்டது எழுநூறு வருஷத்துக்கு முந்தைய முற்றுகையை.

"இன்னும் ரெண்டு வாரம் ஆகுங்க," என்றார் குழாய்க்காரர். "சாமான் வரல."

கெர்லாக்கின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் அவர் ஊர்ப் பிரபுவின் முத்திரையைத் தொட்டு ஒரு சத்தியம் செய்திருக்கிறார். முத்திரையில் சாவியைக் கவ்விய கரடி. அந்த முத்திரையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்கும்வரை அவருக்கு நாற்பது ஆள் பலம், சாவும் இல்லை. அதன் சொல் இல்லாமல் தானாக ஒரு காரியத்தில் இறங்கினால் அன்றோடு பலம் போய்விடும். சத்தியத்துக்கு எரிபொருள் வேண்டாம், கீழ்ப்படிதல் போதும். நல்ல ஏற்பாடு. பிரபு உயிரோடு இருந்தவரை.

பிரபுவின் வம்சம் போய், பிஷப் வந்து, பிரெஞ்சுக்காரர்கள் வந்து, ராஜா வந்து, கடைசியில் நகராட்சி வந்தது. யார் வந்தாலும் கரடியை மட்டும் யாரும் மாற்றவில்லை. இப்போது அது நகராட்சிக் கதவில் இருக்கிறது, பார்க்கிங் எந்திரத்தில் இருக்கிறது, குப்பைத் தொட்டிகளில் இருக்கிறது. கெர்லாக் கரடியைக் கண்ட இடத்தில் எல்லாம் முழந்தாளிட்டார். குப்பை எடுக்கும் நாளன்று வீட்டுக்கு வீடு தொட்டிகளை வெளியே வைப்போம் அல்லவா, அன்று அவர் எங்கள் தெருவைக் கடக்க மதியம் ஆகிவிட்டது.

அவருக்குத் தங்க இடம் கொடுத்தது ஹெட்விக். சரிவின் அடிவாரத்தில் ரொட்டிக்கடை வைத்திருப்பவள். இரண்டு பெண் குழந்தைகள். பாதிரியார் கேட்டதற்காகப் பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுத்தாள். முதல் நாள் காலையில் அவர் ஒரு தட்டு நிறைய பிரெட்செல் என்னும் முறுக்கு ரொட்டியைத் தீர்த்துவிட்டு, "அம்மணி, இது எந்தப் பண்டிகைச் சாப்பாடு?" என்று கேட்டார்.

"செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு," என்றாள் ஹெட்விக்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நகராட்சியின் சுற்றுலாப் பேருந்து, ஒயின் குடிக்க வந்த பெரியவர்களோடு, ஈர இலைகளில் வழுக்கி ஆற்றின் மேல் பாதி தொங்கியது. பேருந்தின் பக்கவாட்டில் பெரிதாகக் கரடி வரைந்திருந்தது. முத்திரையே கூப்பிடுகிறது என்று கெர்லாக் எடுத்துக்கொண்டார். ஓடிப் போய்ப் பின் அச்சைப் பிடித்துப் பேருந்தைச் சாலைக்கு இழுத்து வைத்தார். யாரோ படம் எடுத்தார்கள். மறுநாளே அவர் சூப்பர்ஹீரோ ஆகிவிட்டார். நகராட்சி அவர் படம் போட்ட பனியன் விற்க ஆரம்பித்தது.

பனியன் விற்ற அதே நகராட்சியின் ஒழுங்கு அலுவலகம் அவரை விசாரணைக்குக் கூப்பிட்டது. அலுவலகத் தலைவர் போடோ க்ரெம்ப். கெட்ட மனிதர் அல்ல. அதுதான் கஷ்டம்.

"உதவி செஞ்சது தப்புன்னு நான் சொல்லவே இல்லீங்க," என்றார் க்ரெம்ப். "ஆனா ஞாயித்துக்கிழமை. அதுவும் மத்தியான ஓய்வு நேரம். உங்க கவசம் போட்ட சத்தம் அக்கரை வரைக்கும் கேட்டிருக்கு. ரெண்டு புகார் வந்திருக்கு."

"யாரு குடுத்தது, அதிகாரி ஐயா?"

"ஒண்ணு அக்கரையிலேர்ந்து. இன்னொண்ணு அந்த பஸ்ல இருந்தவரு."

கெர்லாக் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். கரடிக்கு நேராக நின்று கேட்டார். இனிமேல் பேருந்துப் படத்தையெல்லாம் உத்தரவாக எடுத்துக்கொள்ளக் கூடாது, உத்தரவு என்றால் பதவியில் இருக்கும் மனிதர் வாயால் வர வேண்டும் என்று க்ரெம்ப் விளக்கினார். கெர்லாக்குக்கு அது நியாயமாகப் பட்டது. பிரபுவும் அப்படித்தான் சொல்வாராம்.

டிசம்பரில் நான் வண்டியில் மேலே போகும்போது துறவிப் பாறையில் விரிசலைப் பார்த்தேன். அது முக்காடு போட்ட துறவி மாதிரி சரிவில் துருத்திக்கொண்டு நிற்கும் பலகைக்கல் பாறை. நேர் கீழே ஹெட்விக்கின் வீடு. குழந்தைகள் தூங்கும் மாடி அறை பாறையைப் பார்த்தபடி இருக்கும்.

விரிசல் எப்படி வேலை செய்கிறது என்றால்: பகலில் தண்ணீர் உள்ளே இறங்கும், இரவில் உறையும். உறைந்தால் தண்ணீர் விரியும், அதனால் விரிசல் கொஞ்சம் அகலும். மறுநாள் அகன்ற இடத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர். இப்படியே ஒரு குளிர்காலம் முழுக்கப் பனிக்கட்டி பாறையைப் பிளந்துகொண்டே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், பிளக்கிற பனிக்கட்டியேதான் பசை போலப் பாறையைப் பிடித்தும் வைத்திருக்கும். ஆகவே பாறை குளிரில் விழாது. குளிர் விடும்போது விழும்.

இதை ஹெட்விக்கிடம் சொன்னேன். அவள் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"பிப்ரவரியிலயா?"

"வெயில் அடிக்கிற முதல் வாரம்."

கெர்லாக் எழுந்து நின்றார். "அம்மணி, இது ஒரு வேலையே இல்ல. தூக்கி ஆத்தோரம் வச்சுட்டு வந்துடுவேன்."

"அப்ப தூக்குங்களேன்!"

"முத்திரையோட சொல் வேணும். அது இல்லாமத் தூக்கினா பாதி வழியில பலம் போயிடும். பாறையும் நானும் சேர்ந்து உங்க கூரை மேலதான் வருவோம்."

"சரி, நட," என்று மேலங்கியை மாட்டினாள். வேகத்தில் மரியாதை போய்விட்டது. "கேட்டுட்டு வருவோம்."

நானும் போனேன். விரிசலைப் பார்த்தவன் நான்தானே. க்ரெம்ப் பொறுமையாகக் கேட்டார். காபி கொடுத்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த பெரிய விளக்கப்படத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டினார்.

"விழாத பாறை, மாநில நில ஆய்வுத் துறை. விழுந்த பாறை, தீயணைப்பு. ரொம்பத் தெளிவு."

"விழுந்துக்கிட்டு இருக்கற பாறை?" என்றாள் ஹெட்விக்.

க்ரெம்ப் படத்தில் மேலிருந்து கீழாகக் குச்சியை ஓட்டினார். பிறகு கீழிருந்து மேலாக. "அதுக்குப் பிரிவு இல்லீங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நல்ல கேள்வி."

"நல்ல கேள்வியா? எம் புள்ளைங்க அதுக்குக் கீழ தூங்குது!"

"அதுதான் சொல்றேன், நல்ல கேள்வின்னு. இவருக்கு உத்தரவு குடுக்க எனக்கு ஆசைதான். ஆனா இவரு யாரு? தீயணைப்புல இல்ல. ஆய்வுத் துறையில இல்ல. தனி ஆளுக்கு நான் எப்படி பாறையைத் தர முடியும்? ஏதாவது ஒரு சங்கத்துல இருந்தா பரவால்ல."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் தனி மனிதர் என்று யாரும் இல்லை. பாடுகிறவர்களுக்குச் சங்கம் உண்டு. முயல் வளர்க்கிறவர்களுக்கு, நடக்கிறவர்களுக்கு, நின்று பேசுகிறவர்களுக்கு எல்லாம் சங்கம் உண்டு. புதுச் சங்கம் தொடங்க ஏழு பேர் வேண்டும். ஆகவே சூப்பர்ஹீரோக்கள் சங்கத்துக்கு ஏழு சூப்பர்ஹீரோக்கள்.

கெர்லாக் தேவாலயத்துக்குப் போய் நிலவறையில் மற்றக் கல்லறைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "தோழரே, எழுந்திரிக்க முடியுமா? கூட்டத்துக்கு ஆள் குறையுது." யாரும் எழவில்லை. எழாமல் இருந்தது புத்திசாலித்தனம் என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியில் வேஷத் திருவிழாச் சங்கத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். அட்டைக் கவசம், பின்னால் போர்வை. முதல் கூட்டம் மதுக்கடை மாடியில் நடந்தது. தலைவர் தேர்தல், துணைத் தலைவர் தேர்தல், கொடியின் நிறம், ஆண்டு விழாவுக்குப் பன்றி வறுவலா தொத்திறைச்சியா, எல்லாம் பேசினார்கள். பாறை ஒன்பதாவது விஷயம். எட்டாவது விஷயத்தில் கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

"அந்தப் பாறை..." என்று எழுந்தார் கெர்லாக்.

"அடுத்த மாசம், உட்காருப்பா," என்றார் அட்டைக் கவசம் போட்ட தலைவர். "புதுசா வந்தவங்க முதல்ல கேட்டுப் பழகணும்."

சங்கம் பதிவானதும் க்ரெம்ப் மகிழ்ந்தார். இனி உபகரணச் சோதனை. கெர்லாக்கின் கவசத்தை ஒரு பரிசோதகர் வாகனச் சோதனைக் கூடத்தில் மேடை மேல் ஏற்றினார். முகத்தட்டின் பிளவு வழியாகப் பக்கப் பார்வை போதவில்லை. இருட்டில் மின்னும் பட்டை இல்லை. முழங்கால் மூட்டில் எண்ணெய்க் கசிவு. வாள் அனுமதிக்கப்பட்ட நீளத்தைத் தாண்டியது. ஆகவே கவசத்தின் மேல் மஞ்சள் அங்கி, தோளில் சிவப்பு விளக்கு, வாளுக்குப் பதில் அதே அளவு ரப்பர் வாள். கெர்லாக் எல்லாவற்றையும் வாங்கி அணிந்துகொண்டார். குறை சொல்லவில்லை. முத்திரையின் சொல்.

அடுத்து முதலுதவிப் பயிற்சி. தரையில் கிடத்தியிருந்த ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்தச் சொன்னார்கள். அவர் அழுத்தினார். கை தரையில் பட்டது. பொம்மைக்காக முழந்தாளிட்டுப் பிரார்த்தனை செய்து, அதைத் தேவாலயத்தில் புதைக்க வேண்டும் என்று கேட்டார். பயிற்சியாளர் அவருக்கு 'கலந்துகொண்டார்' என்று மட்டும் சான்று கொடுத்தார்.

இதற்குள் ஜனவரி முடிந்தது. ஹெட்விக் குழந்தைகளின் படுக்கையைக் கீழே அடுப்பறைக்குக் கொண்டுவந்தாள். காலையில் கடைக்குப் போனால் அவள் பணம் வாங்கும்போதும் காது மேலேதான் இருக்கும்.

"இன்னைக்கு என்ன சொன்னாங்க?" என்று கெர்லாக்கிடம் கேட்பாள்.

"பரிசீலனையில இருக்காம், அம்மணி."

"அப்படின்னா?"

"நானும் கேட்டேன். பரிசீலனையில இல்லாம இருக்கறதைவிட நல்லதாம்."

பிப்ரவரியில் கூரைகளில் இருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. அன்றைக்கு ஆச்சரியமாக க்ரெம்பே வந்தார். இடத்தை நேரில் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்க முடியாது என்பது விதி. என் வண்டியில் அவரையும் கெர்லாக்கையும் ஏற்றிக்கொண்டு போனேன். க்ரெம்ப் இறங்கி, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நேராகப் பாறையின் அடியில் போய் நின்றார்.

"அங்க நிக்காதீங்க," என்றேன்.

"இங்க நின்னாத்தான் ஆபத்தோட அளவு தெரியும்," என்றார்.

வெயில் நன்றாக அடித்தது. மேலே கண்ணாடி உடைவது மாதிரி ஒரு சத்தம். துறவி தலை குனிந்தார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கெர்லாக் இரண்டு கைகளையும் நீட்டியபடி, ஓர் அடிகூட வைக்காமல், க்ரெம்பின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். கட்டிப்போட்ட நாய் வீடு எரிவதைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"பிடிங்க!" என்று அலறினார் க்ரெம்ப். "பிடிங்க! பிடிங்கய்யா!"

மூன்று மாதம் கிடைக்காத உத்தரவு மூன்று முறை கிடைத்தது. கெர்லாக் பாய்ந்தார். பாறை அவர் தோளிலும் கைகளிலும் வந்து உட்கார்ந்தது. கால்கள் மண்ணில் முழங்கால்வரை இறங்கி நின்றன. க்ரெம்ப் தவழ்ந்து வெளியே வந்து, அங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ரொம்ப நன்றி," என்றார்.

"எங்க வைக்கணும், ஐயா?" என்றார் கெர்லாக்.

க்ரெம்ப் வாயைத் திறந்தார். மூடினார். நகராட்சி எந்திரம் மறுபடி பல் பல்லைக் கடிப்பதை என் கண்ணால் பார்த்தேன்.

"பாருங்க, பிடின்னு சொன்னது அவசரநிலை. அதுக்கு எனக்கு அதிகாரம் உண்டு. வைன்னு சொல்றது, பாதுகாக்கப்பட்ட இயற்கைச் சின்னத்தை இடம் மாத்தறது. அது என் கையில இல்ல. விசாரிச்சுட்டு வர்றேன். நீங்க அப்படியே இருங்க."

"அப்படியே இருங்க" என்பதும் உத்தரவு. கெர்லாக் அப்படியே இருந்தார்.

விழாத பாறை அல்ல, விழுந்த பாறையும் அல்ல என்பதால் ஆய்வுத் துறையும் தீயணைப்பும் கையை விரித்தன. கடைசியில் கட்டடப் பிரிவுக்காரர் ஒருவர் வழி கண்டுபிடித்தார். சரிவில் அசையாமல் நின்று மண்ணையோ கல்லையோ தாங்குவது எதுவோ அது தாங்குசுவர். கெர்லாக்கைத் தாங்குசுவராகப் பதிந்தார்கள். சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டினார்கள். ஒரு பொறியாளர் வந்து சின்னச் சுத்தியலால் அவர் தொடையைத் தட்டி, உள்ளே வெற்றிடம் இருக்கிறதா என்று காது வைத்துக் கேட்டார்.

"ஐயா, வலிக்குது," என்றது சுவர்.

"ஈரம் இல்ல," என்று எழுதிக்கொண்டார் பொறியாளர். "ஆனா உள்ள அதிர்வு இருக்கு."

மேயர் லாம்பெர்டி அம்மாள் வந்து நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று பேசினார். பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள். "நம்ம நகராட்சி கையைக் கட்டிக்கிட்டு நின்னுச்சுன்னு சிலர் சொல்றாங்க. நான் தெளிவா சொல்றேன், நாம ஒரு நாளும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கல. குழு போட்டுட்டு நின்னோம். பாறை விழுந்த அன்னைக்குக்கூட நம்ம குழு கூடியிருந்துச்சு. விழற சத்தம் கூட்டக் குறிப்புல பதிவாகியிருக்கு. இதைவிட வெளிப்படையான நிர்வாகம் எங்க இருக்கு?"

கைதட்டினார்கள். சுவரால் கைதட்ட முடியவில்லை.

அந்தச் சுவருக்கு உறுதிச் சான்று இல்லை என்பது அடுத்து தெரிய வந்தது. சான்று இல்லாத சுவருக்குக் கீழே மனிதர்கள் குடியிருக்கக் கூடாது. ஆகவே ஹெட்விக்கின் வீட்டுக்குச் சீல் வைத்தார்கள். அவளும் குழந்தைகளும் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே படுத்தார்கள். அடுப்பு அணைந்தது. பாறை விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, அது பாறை விழாமலேயே ஆகிவிட்டது.

ஒருநாள் காலை ஹெட்விக் என் வண்டியில் ஏறினாள். மடியில் துணியில் சுற்றிய ரொட்டி. அக்கா வீட்டு அடுப்பில் சுட்டதாம். மேலே போய் நாடாவுக்குக் கீழே குனிந்து நுழைந்து, ரொட்டியைப் பிய்த்து அவர் வாயில் வைத்தாள்.

"கருகிப் போயிருக்கு. அவ அடுப்பு எனக்குப் பழக்கமில்ல."

"நல்லாருக்கு, அம்மணி."

"பொய் சொல்லாதீங்க. வீரன் பொய் சொல்லலாமா?"

கெர்லாக் மென்றார். "நீங்க ஏன் ஒரு தடவைகூட 'எங்கயாவது கொண்டுபோய் வச்சுடுங்க'ன்னு என்கிட்ட சொல்லல?"

"சொன்னா உங்க பலம் போயிடும்ல. அப்புறம் செத்தும் போவீங்க, மத்தவங்க மாதிரி. அதை நான் எப்படிக் கேக்கறது? எனக்கு வேண்டியது என் வீடு. உங்க உயிர் இல்ல."

அவர் சரிவைப் பார்த்தார். கீழே சீல் வைத்த கதவு தெரிந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் கரடி.

"நான் சத்தியம் பண்ணினப்ப பிரபு என்ன கேட்டாருன்னு தெரியுமா? 'இந்த ஊரைக் காப்பியா?'ன்னு கேட்டாரு. காப்பேன்னேன். அப்புறம்தான் 'என் சொல் கேப்பியா?'ன்னாரு. அதுக்கும் சரின்னேன். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சேன்." பாறையைத் தோளில் கொஞ்சம் சரிசெய்தார். "உங்க கொல்லையில காலி இடம் இருக்கா?"

"கோழிக்கூடு இருந்த இடம்," என்றாள் ஹெட்விக். "யோசிச்சுக்கிட்டீங்களா?"

"யோசனையெல்லாம் அவங்ககிட்ட இருக்கு. வழியை விடுங்க."

காலை மண்ணிலிருந்து பிடுங்கி ஓர் அடி வைத்தார். நான் வண்டியைப் பின்னால் மெல்ல இறக்கிக்கொண்டே வந்தேன். பலம் எப்படிப் போகிறது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தொட்டியில் அடைப்பான் கழன்றது மாதிரி. முதலில் அவர் நேராக நடந்தார். திராட்சை வரிசைகளின் நடுவில் முதுகு வளைந்தது. வேலி அருகே மூச்சு வாங்கியது, முகத்தில் வியர்வை. எழுநூறு வருஷத்தில் முதல் வியர்வை. தாடியின் ஓரம் நரைத்துக்கொண்டு வந்தது.

"விட்டுடுங்க, வேலியில போட்டுடுங்க!" என்று ஹெட்விக் பக்கத்தில் ஓடினாள்.

"உருண்டு வீட்டுக்கு வந்துடும்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்போதுதான் க்ரெம்ப் கீழே தெருவில் வந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த பை விழுந்தது.

"சுவர் நகருது!" என்று கத்தினார். "நில்லுங்க! சுவர் அனுமதியில்லாம நகருது! உத்தரவு! நில்லுங்கன்னு உத்தரவு!"

கெர்லாக் நிற்கவில்லை. மீற வேண்டிய கடைசி உத்தரவையும் அதோடு மீறிவிட்டார். முழங்கால்கள் தடுமாற, கொல்லைக் கதவை மார்பால் தள்ளிக்கொண்டு உள்ளே போய், பாறையைக் கோழிக்கூட்டு மண்ணில் சரித்தார். அது இறங்கிய அதிர்ச்சியில் தெருவெல்லாம் ஜன்னல்கள் திறந்தன. பாறைக்குப் பக்கத்திலேயே அவரும் உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. கவசத்தின் வார்களை நானும் ஹெட்விக்கும் கழற்றினோம். உள்ளே ஒல்லியான, சாதாரண, ஐம்பது வயது மனிதர் ஒருவர் இருந்தார்.

ஹெட்விக் அன்றே சீலைக் கிழித்து வீட்டுக்குள் போனாள். க்ரெம்ப் தடுக்கவில்லை. அவர் கவலை வேறு. பதிவில் இருக்கும் ஒரு சுவர் இடத்தில் இல்லை. சுவர் காணாமல் போவதற்கு நடைமுறை கிடையாது. ஆகவே சுவர் இருப்பதாகவே வைத்துக்கொண்டார்கள். பொறியாளர் இப்போதும் மேலே போய் வெறும் காற்றைப் பார்த்துவிட்டு, 'அதிர்வு நின்றுவிட்டது, நல்ல நிலை' என்று எழுதிவிட்டு வருகிறார். என் வண்டியில்தான் போகிறார்.

ஏப்ரலில் பரிசீலனை முடிந்தது. கெர்லாக்குக்கு அதிகாரபூர்வமான சூப்பர்ஹீரோ அங்கீகாரம், இரண்டாம் வகுப்பு. சந்தைத் திடலில் விழா. வாத்தியச் சங்கம் வாசித்தது. அட்டைக் கவசக்காரர்கள் அறுவரும் போர்வையை இஸ்திரி போட்டு வந்தார்கள். கெர்லாக் ஹெட்விக்கின் பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டிருந்தார். பத்திரிகைக்காரர்கள் அவரை ஒரு பீப்பாயைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள்.

"முடியாது," என்றார். "பலம் போயிடுச்சு."

மேயர் க்ரெம்பைப் பார்த்தார். க்ரெம்பின் முகத்தில், நான் அறிந்தவரை முதல்முறையாக, முழு நிம்மதி தெரிந்தது.

"அது ஒண்ணும் பிரச்சனையே இல்லீங்க," என்றார் ஒலிபெருக்கியில். "அங்கீகாரத்துக்குப் பலம் தேவையில்ல. உண்மையச் சொன்னா, பலம் இருந்தப்பதான் எல்லாச் சிக்கலும். இப்ப நீங்க முழுசா விதிப்படி இருக்கீங்க."

கைதட்டலில் பதக்கம் அணிவித்தார்கள். பதக்கத்தில் கரடி. கெர்லாக் முழந்தாளிடவில்லை. முழங்கால் வலி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போனேன். கதவருகே மாவு மூட்டை இறக்கியிருந்தது. கெர்லாக் குனிந்து அதை அணைத்துத் தூக்கினார். மூட்டை வரவில்லை. மறுபடி முயன்றார். முகம் சிவந்தது. எரிச்சலில் மூட்டையை ஓர் உதை உதைத்தார், காலைப் பிடித்துக்கொண்டார்.

ஹெட்விக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

அவர் தன் முனையைப் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தபடி நின்றார்.

"என்ன பாக்கறீங்க?" என்றாள் ஹெட்விக். "கனமா இருக்கு, தூக்குங்க."

தூக்கினார்கள்.